மழைக்கோட்டையா, ஆற்றுக்கோட்டையா?

கேள்வி: ஜெர்மன் மொழி படிக்க ஆரம்பித்திருக்கிறேன். 'ரேகன்' என்றால் மழை, 'புர்க்' என்றால் கோட்டை என்று பாடத்தில் வந்தது. அப்படியென்றால் ரேகன்ஸ்புர்க் மழைக்கோட்டையா? அந்த ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்களேன்.

பதில்: கோட்டை சரி, மழைதான் தப்பு. ரேகன் என்பது அங்கே ஓடுகிற ஆற்றின் பெயர். செக் நாட்டு எல்லையோரக் காட்டு மலைகளிலிருந்து இறங்கி வந்து, இந்த ஊரில்தான் டான்யூப் ஆற்றில் கலக்கிறது. மழைக்கான ஜெர்மன் சொல்லும் அந்த ஆற்றின் பெயரும் ஒரே மாதிரி ஒலிப்பதால் வந்த குழப்பம் இது. கி.பி. 179-ல், மார்கஸ் அரேலியஸ் ஆட்சியில், ரோமானியர்கள் தங்கள் படைக்கு இங்கே ஒரு பாசறை கட்டி 'காஸ்ட்ரா ரெகினா' என்று அழைத்தார்கள். ரேகன் ஆற்றுப் பாசறை என்று அர்த்தம். லத்தீன் தெரிந்தவர்கள் 'ரெகினா' என்றதும் ராணி என்று எடுத்துக்கொள்வார்கள், ஆனால் இந்தப் பெயரில் ராணி யாரும் இல்லை.

இதைவிட எனக்குப் பிடித்த விஷயம், ஊருக்கு இன்னொரு பெயரும் இருப்பது. இத்தாலியர்கள் இன்றும் ரதிஸ்போனா என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்களும் கிட்டத்தட்ட அப்படியே. அது ரோமானியருக்கு முன்பு அங்கே வாழ்ந்த கெல்டிய மக்கள் அந்த ஊருக்கு வைத்த பெயர் என்று சொல்வார்கள். பாசறை போய், பேரரசு போய், அந்தப் பழைய பெயர் மட்டும் பக்கத்து மொழிகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது!

சரி, ஊருக்கு வருவோம். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் மியூனிக், நியூரம்பெர்க், ஆக்ஸ்பர்க் ஆகியவற்றுக்கு அடுத்த நாலாவது பெரிய நகரம், மக்கள் சுமார் ஒன்றரை லட்சம். இரண்டாம் உலகப் போரில் பழைய நகரம் பெரிய அழிவில்லாமல் தப்பியது, 2006-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. கதீட்ரலுக்குப் பின்னால் ஒரு குறுகிய தெருவில் நடந்தால், பிற்காலத்தில் வெள்ளையடித்த ஒரு சுவருக்குள் கரடுமுரடான பெரிய பெரிய கற்களால் ஆன ஒரு வளைவு புதைந்து நிற்கும். அதுதான் அந்தப் பாசறையின் வடக்கு வாசல். 12-ஆம் நூற்றாண்டில் டான்யூபின் மேல் கட்டிய கல்பாலமும் இன்றும் நிற்கிறது. 1930-கள் வரை, கிட்டத்தட்ட 800 வருடம், ஆற்றைக் கடக்க ஊருக்கு இருந்த ஒரே பாலம் அதுதான், இப்போது நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் போகிறார்கள்.

1663 முதல் 1806 வரை, ஜெர்மன் பகுதிகளை மையமாகக் கொண்ட புனித ரோமப் பேரரசின் சபை நிரந்தரமாக இங்கேதான் கூடியது. அதற்கு முன்பும் பேரரசர்கள் இங்கே சபை கூட்டியதுண்டு. 1630-ல் அப்படி ஒரு சபை நடந்தபோதுதான், தனக்கு வரவேண்டிய பாக்கிப் பணத்தைக் கேட்டு வாங்க யோஹன்னஸ் கெப்ளர் இந்த ஊருக்கு வந்தார். கோள்கள் நீள்வட்டத்தில் சுற்றுகின்றன என்று கண்டுபிடித்த அதே கெப்ளர்தான். வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு நவம்பர் 15 அன்று இறந்துபோனார். அடுத்த சில வருடங்களில் நடந்த சண்டையில் அவரைப் புதைத்த இடமும் அழிந்துவிட்டது. அவர் இறந்த வீடு மட்டும் இருக்கிறது, கெப்ளர் பெயரில் உள்ள தெருவில், அருங்காட்சியகமாக.