ஒரே ஸ்லாட் இரண்டு டிரெய்லருக்குப் போவது ஏன்

பல சர்வர்களில் ஓடும் உங்கள் யார்டு புக்கிங் சிஸ்டத்தில், டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகியும் ஒரே ஸ்லாட் சில சமயம் இரண்டு டிரெய்லருக்குப் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். லாக்கை (ஒரு நேரத்தில் ஒரு சர்வர் மட்டும் எழுத விடும் பூட்டு) மட்டும் நம்பி டேட்டாபேஸில் எழுதாதீர்கள். திருவொற்றியூர் யார்டு ஸ்லாட் ஒவ்வொன்றுக்கும் ஒரு வெர்ஷன் எண் (ஒவ்வொரு மாற்றத்திலும் ஒன்று கூடும் எண்) வையுங்கள். படித்தபோது இருந்த எண் மாறாமல் இருந்தால் மட்டும் அப்டேட் நடக்கட்டும். டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகியும் இரட்டை புக்கிங் வருவது அதோடு நிற்கும்.

காரணம் பெரும்பாலும் இதுதான்: லாக் எடுத்த சர்வர் ஜிசியில் (கார்பேஜ் கலெக்‌ஷன், அதாவது பயன்படாத மெமரியை விடுவிக்கும் வேலை) சற்று நேரம் உறைந்துவிடுகிறது. அதற்குள் லாக்குக்கு நீங்கள் வைத்த 10 விநாடிக் கெடு முடிந்து, லாக் அடுத்த சர்வருக்குப் போகிறது. முதலாவது விழித்ததும் எதுவும் தெரியாமல் எழுதிவிடுகிறது.

சோதிக்க:

1. லாக் எடுத்தபின், எழுதும் முன், முதல் சர்வரின் புரோகிராமை ஸ்டாப் சிக்னல் (புரோகிராமை அப்படியே உறைய வைக்கும் கட்டளை) கொடுத்து 15 விநாடி நிறுத்துங்கள். அந்த இடைவெளியில் அதே ஸ்லாட்டை இன்னொரு சர்வர் வழியாக புக் செய்துவிட்டு, அப்புறம் முதலாவதை ஓடவிடுங்கள். வெர்ஷன் எண் சரியாக வேலை செய்தால் முதலாவதன் அப்டேட் நடக்கக் கூடாது.

2. டிசைனை மாடலாக எழுதி, நடக்கக்கூடிய எல்லா வரிசைகளையும் கருவியால் சோதிக்க உதவும் மொழியான டிஎல்ஏ பிளஸ்ஸில் (TLA+) 2 சர்வர், 1 ஸ்லாட், 'கெடு எப்போது வேண்டுமானாலும் முடியலாம்' என்ற ஒரு செயல்; சின்ன மாடலே போதும். தன் டேட்டாபேஸான டைனமோடிபியில் அமேசான் இப்படிப் பிடித்த ஒரு பிழையின் மிகக் குறுகிய தடமே (பிழை வரை கொண்டுபோகும் படிகளின் வரிசை) 35 படி. கையால் எழுதும் டெஸ்ட் அவ்வளவு தூரம் எங்கே போகும்!

ஒன்று கவனியுங்கள்: மாடல் பாஸ் ஆனால் டிசைன் சரி, அவ்வளவுதான். கோடில் வெர்ஷனைத் தனியாகப் படித்துப் பார்த்துவிட்டு அப்புறம் எழுதினால் பழைய ஓட்டை அப்படியே இருக்கும்; இரண்டும் ஒரே அப்டேட் கட்டளையில் இருக்க வேண்டும்.