போன வருடம் கடைசி, இந்த வருடம் முதலா?

கேள்வி: துறைவாரியாகப் பங்குச் சந்தை லாபத்தை ஆண்டுதோறும் வரிசைப்படுத்திக் காட்டும் கலர் கட்டம் ஒன்றைப் பார்த்தேன். அடியில் கிடக்கும் துறை அடுத்த வருடம் உச்சிக்குப் போகிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் போன வருடக் கடைசித் துறையை வாங்கினால் போதாதா சார்?

பதில்: உங்கள் கண் 2020, 2021 பத்திகளிலேயே நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் 500 பெரிய கம்பெனிகளைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீட்டில் 2020ல் எரிசக்தித் துறை சுமார் 34 சதவீதம் விழுந்து கடைசி இடம். அடுத்த வருடமே சுமார் 55 சதவீதம் ஏறி முதலிடம். ஆசை வரத்தான் செய்யும். ஆனால் கொஞ்சம் இடதுபக்கம் போங்கள். 2018லும் எரிசக்திதான் கடைசி. உங்கள் கணக்குப்படி 2019 ஜனவரியில் அதை வாங்கியவருக்குக் கிடைத்தது சுமார் 12 சதவீதம். மொத்தக் குறியீடோ 31 சதவீதம் ஏறியது. மறுபடியும் எரிசக்தியே கடைசி. விதியை விடாமல் பிடித்திருந்தால் 2020ன் அடியும் அவருக்குத்தான்.

சரி, முதல் துறையை வாங்கலாமா? 2022ல் அது பலித்தது. எரிசக்தி திரும்பவும் முதலிடம், சுமார் 66 சதவீதம். 2023ல் குறியீடு 26 சதவீதம் ஏற, எரிசக்தியோ லேசான நஷ்டத்தில் முடிந்தது.

இந்தத் துறையை ஆட்டிவைப்பது கச்சா எண்ணெய் விலை. 2020 ஏப்ரலில் ஊரடங்கால் தேவை சரிந்து, அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை (பின்னால் டெலிவரி எடுக்க இப்போதே பேசும் விலை) ஒருநாள் பூஜ்யத்துக்கும் கீழே போனது. 2022ல் உக்ரைன் போர். இதையெல்லாம் போன வருட ரேங்க் எப்படிச் சொல்லும்?

ரேங்க் மேல் எனக்கு வேறொரு கோபமும் உண்டு. 2008ல் முதலிடம் பிடித்த அத்தியாவசிய நுகர்பொருள் துறை, சுமார் 15 சதவீதம் நஷ்டத்தோடுதான் அந்த இடத்தைப் பிடித்தது! கட்டத்தில் அதுவும் பளிச்சென்று மேலே இருக்கும். அதனால்தான் நான் அதை அச்செடுத்தால் கருப்பு வெள்ளையில் எடுத்து, எண்களை மட்டும் படிப்பேன். எண்களையும் கூட்டிப் பார்த்துவிடாதீர்கள், பெருக்க வேண்டும். தகவல் தொடர்புச் சேவைகள் துறை 2022ல் சுமார் 40 சதவீதம் விழுந்து, 2023ல் 56 சதவீதம் ஏறியது. லாபம் போலத் தெரிகிறதா? 100 என்பது 60 ஆகி, அங்கிருந்து 94க்குத்தான் வந்தது.

கேள்வி: பழைய கட்டத்தில் 10 துறைகள், புதியதில் 11. ஏன்?

பதில்: 2016ல் ரியல் எஸ்டேட்டை நிதித் துறையிலிருந்து தனியே பிரித்தார்கள். அப்புறம் 2018ல் டெலிகாம் துறையை விரித்து, தகவல் தொடர்புச் சேவைகள் என்று பெயர் மாற்றி, கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டையும் ஃபேஸ்புக்கையும் ஐ.டி. துறையிலிருந்து அதற்குள் கொண்டுவந்தார்கள். ஆகவே அந்தத் துறையின் 2018க்கு முந்தைய எண்கள் பெரும்பாலும் போன் கம்பெனிகளைப் பற்றியவை.