டேப்லெட் வாங்கினால் லேப்டாப்பே வேண்டாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் சிறிய ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறோம். கணக்கெல்லாம் டேலியில்தான். கடையிலிருந்த பழைய லேப்டாப்பில் மதர்போர்டு போய்விட்டது. மகள் புதுச்சேரியில் பி.காம். சேர்ந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். கீபோர்டுடன் ஒரு டேப்லெட் வாங்கினால் இருவருக்கும் போதுமா?

பதில்: மகளுக்குப் பெரும்பாலும் போதும், கடைக்குப் போதாது. அதோடு, காலையில் அவள் டேப்லெட்டோடு பஸ் ஏறிவிட்டால் மாலை வரை கடைக்கணக்கு நின்றுவிடும். இருவருக்கும் ஒரே கருவி என்ற திட்டத்தை முதலில் கைவிடுங்கள்.

டேப்லெட்டுக்கு வேகம் போதாது என்பதல்ல சிக்கல். கடையில் நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளும், செருகும் கருவிகளும், மற்றவர்கள் அனுப்பும் கோப்புகளும் விண்டோஸை எதிர்பார்க்கின்றன. டேலி பிரைம் விண்டோஸில் ஓடுவது. ஆண்ட்ராய்டிலோ ஐபேடிலோ அதை நிறுவ முடியாது. பிரவுசரில் ரிப்போர்ட் பார்க்கலாம், அதற்கும் டேலி உள்ள கணினி எங்காவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கிளவுடில் டேலி வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால் நெட் போனால் கணக்கும் போகும் என்பதால் ஒற்றைக் கடைக்கு அதைப் பரிந்துரைக்கத் தயக்கம்தான்.

அடுத்த தடை பிரிண்டர். கடைகளில் இன்னும் உழைக்கும் கேனான் எல்பிபி 2900 போன்ற யூஎஸ்பி லேசர் பிரிண்டர்கள், அச்சிடும் பக்கத்தைத் தாமாக உருவாக்குவதில்லை. கணினியிலுள்ள டிரைவர் என்ற மென்பொருள்தான் அதைத் தயாரித்து அனுப்புகிறது. அந்த டிரைவர் ஆண்ட்ராய்டுக்குக் கிடையாது, கேபிள் மாட்டினாலும் அச்சு வராது. தனி டிரைவர் இல்லாமலே அச்சிட உதவும் மோப்ரியா அல்லது ஏர்பிரிண்ட் வசதியுள்ள வைஃபை பிரிண்டர் என்றால் டேப்லெட்டிலிருந்தே அச்சிடலாம்.

ஜிஎஸ்டி தாக்கலைப் பொறுத்தவரை பயம் வேண்டாம். உங்கள் கடை தனிநபர் உரிமையாளர் பெயரில் இருந்தால் ஓடிபி மூலம் பிரவுசரிலேயே முடித்துவிடலாம். கம்பெனி அல்லது எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) என்றால் டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். அதற்கான யூஎஸ்பி டோக்கனை டேப்லெட்டில் செருகிக் கையெழுத்திட வழியில்லை.

வெறும் பில் போட்டால் போதும் என்ற கடைகளுக்கு நிலைமை வேறு. ஆண்ட்ராய்டு பில்லிங் செயலியும் புளூடூத் தெர்மல் பிரிண்டரும் அங்கே நன்றாகவே வேலை செய்கின்றன.

இனி மகளின் தேவை. பிடிஎஃப்பில் பேனாவால் குறிப்பெடுக்க, ஆன்லைன் வகுப்பு பார்க்க, அசைன்மென்ட் எழுத டேப்லெட்தான் வசதி. வாங்குமுன் திரை அளவைக் கவனியுங்கள். மைக்ரோசாஃப்டின் வேர்ட், எக்செல் செயலிகளில் 10.1 அங்குலம் வரையுள்ள திரையில்தான் இலவசமாகத் திருத்த முடியும். அதற்கு மேல் சந்தா கட்ட வேண்டும். வேண்டாம் என்றால் கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் போதும். எக்செல் மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) மட்டும் ஆண்ட்ராய்டு, ஐபேட் எக்செல் செயலிகளில் ஓடாது.

டைப்-சி போர்ட் இருந்தாலே புரொஜெக்டரில் படம் வரும் என்று நம்ப வேண்டாம். விலை குறைந்த ஆண்ட்ராய்டு டேப்லெட்கள் பலவற்றில் அது யூஎஸ்பி 2.0 மட்டுமே, எச்டிஎம்ஐ அடாப்டர் போட்டும் திரை கறுப்பாகவே இருக்கும். செமினார் நாளில் இது தெரியவந்தால் தலைவலி. கடையிலேயே அடாப்டரைச் செருகிப் பார்த்து வாங்குங்கள். பென் டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் இருந்தால் பல டேப்லெட்கள் அதைக் கண்டுகொள்வதே இல்லை.

தமிழ்க் கோப்புகளில் இன்னொரு வில்லங்கம் உண்டு. தட்டச்சு நிலையங்களில் வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் டேப்லெட்டில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எல்லாக் கருவிகளும் படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது பிடிஎஃப்பாகக் கேளுங்கள்.

பஸ்ஸில் மடியில் வைத்துத் தட்டுவதானால், பின்னால் கால் ஊன்றி நிற்கும் உறை ஆடிக்கொண்டே இருக்கும். லேப்டாப் போல கீல் வைத்த கீபோர்டு நிலையாக நிற்கும், ஆனால் எடை கூடும். அரைக் கிலோ டேப்லெட் அதோடு சேர்ந்து ஒரு கிலோவை நெருங்கும். 13 அங்குல மேக்புக் ஏரே 1.24 கிலோதான். எடைக்காக டேப்லெட் என்ற வாதம் அங்கே பாதி அடிபட்டுப்போகிறது.

மின்வெட்டில் டேப்லெட்டுக்கே வெற்றி. 2011-இல் ‘தானே’, 2024-இல் ‘ஃபெஞ்சல்’ என்று நம் கரையைப் புயல்கள் விடுவதில்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்கில் சுமார் 74 வாட்-ஹவர் இருக்கும். 28 முதல் 30 வாட்-ஹவர் பேட்டரியுள்ள டேப்லெட்டை, இழப்பு போக, ஏறக்குறைய இரண்டு முறை நிரப்பலாம். லேப்டாப்புக்கு 45 அல்லது 65 வாட் தரும் ‘பவர் டெலிவரி’ (பிடி) வகைப் பவர் பேங்க் தேவை, அதுவும் டைப்-சியில் சார்ஜ் ஆகும் மாடலாக இருந்தால்தான். கடற்காற்றிலும் ஃபேன் இல்லாத டேப்லெட்டுக்குள் உப்பீரம் குறைவாகவே புகும். போர்ட்டில் ஈரம் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போடாதீர்கள், முனைகள் அரித்துவிடும்.

வாங்குமுன் காசில்லாத சோதனை ஒன்று: மகளின் ஆண்ட்ராய்டு போனில் புளூடூத் கீபோர்டை இணைத்து ஒரு வாரம் எல்லா வேலையையும் அதில் செய்யச் சொல்லுங்கள். போனும் டேப்லெட்டும் ஒரே அமைப்பு என்பதால், திரை சிறிது என்ற காரணத்தைத் தவிர வேறு எதனால் வேலை நின்றாலும் ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலும் அது நிற்கும்.

விண்டோஸ் டேப்லெட் வாங்கலாமே என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அதில் ஸ்னாப்டிராகன் சிப் இருந்தால் பழைய பிரிண்டருக்கும் டோக்கனுக்கும் டிரைவர் கிடைக்காமல் போகலாம். இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் உள்ளதையே கேளுங்கள்.

ஆக, கடைக்கு ஒரு புதுப்பித்த டெஸ்க்டாப், மகளுக்கு நடுத்தர டேப்லெட். டெஸ்க்டாப்பில் இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி இருக்கட்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சிப்கள் பெரும்பாலும் தகுதி பெறுவதில்லை. டெஸ்க்டாப்பில் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போட்டு, ஸ்லீப்பை நிறுத்தி, மோடத்தையும் சேர்த்து யூபிஎஸ்ஸில் மாட்டினால் வீட்டிலிருந்து டேப்லெட்டில் டேலியைத் திறக்கலாம். மகளின் பயிற்சிக்கு டேலியின் எஜுகேஷனல் முறை அதே கணினியில் போதும். அதில் தேதிக் கட்டுப்பாடு உண்டு, மாதத்தின் எல்லா நாளுக்கும் வவுச்சர் போட விடாது.

பழைய லேப்டாப்பை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மதர்போர்டு போனாலும் டிஸ்க் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அதைக் கழற்றி, சாட்டா-யூஎஸ்பி உறையில் போட்டுப் புதிய கணினியில் செருகி, டேலியின் டேட்டா ஃபோல்டரை அப்படியே நகலெடுங்கள். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் ரெகவரி கீ கேட்கும். அது பழைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டேலி லைசென்ஸ் இன்னும் செத்த லேப்டாப்பின் பேரில்தான் இருக்கும், டேலி கணக்கின் மின்னஞ்சல் முகவரியில் நுழைந்து அதை ரீசெட் செய்த பிறகே புதிய கணினியில் இயங்கும்.