கோப்பு ஊர் சுற்றி வர வேண்டுமா?

கேள்வி: கும்பகோணத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தேர்வுகளுக்கு விண்ணப்பிக்க வருபவர்களின் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து, பிடிஎஃப் அளவைக் குறைப்பதற்காக ஓர் இணையதளத்தில் ஏற்றி, மறுபடியும் இறக்கிக் கொடுக்கிறேன். நாளொன்றுக்கு 40 கோப்புகளாவது வரும். இதைக் கடைக் கணினியிலேயே செய்தால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறான் கல்லூரியில் படிக்கும் மகன். உண்மைதானா?

பதில்: மகன் சொல்வது சரிதான், ஆனால் மிச்சம் எங்கே கிடைக்கிறது என்பதைச் சற்றுத் துருவிப் பார்க்க வேண்டும். நீங்கள் ஏற்றும் கோப்பு, கடையின் மோடத்திலிருந்து புறப்பட்டு, கண்ணாடியிழையிலோ செல்பேசிக் கோபுரம் வழியாகவோ சென்று, சில வேளைகளில் கடலடிக் கேபிளையும் கடந்து, எங்கோ ஒரு தரவு மையத்தில் சுருக்கப்பட்டு, அதே தொலைவைத் திரும்பக் கடந்து வருகிறது. அந்த மையத்தில் கணினிகளை இயக்குவதற்கும் மின்சாரம் வேண்டும், அவற்றைக் குளிர்விப்பதற்கும் வேண்டும். உலகத் தரவு மையங்கள் 2024-இல் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட்டுகளைச் செலவிட்டதாகவும், அது உலக மின்நுகர்வில் சுமார் ஒன்றரை விழுக்காடு என்றும் பன்னாட்டு எரிசக்தி முகமை மதிப்பிட்டுள்ளது. இதில் உங்கள் 40 கோப்புகளின் பங்கு கணக்கிலேயே வராது. வழியிலுள்ள கருவிகளும் உங்கள் கோப்பு போனாலும் போகாவிட்டாலும் கிட்டத்தட்ட அதே மின்சாரத்தைத்தான் உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

கண்ணுக்குத் தெரியும் மிச்சம் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. திரையும் சேர்த்து 60 வாட் இழுக்கும் கணினி, கோப்பு ஏறி இறங்கும்வரை ஒரு நிமிடம் சும்மா காத்திருந்தால் 1 வாட்மணி (ஒரு யூனிட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு) செலவாகும். நாளுக்கு 40 கோப்பு, ஆண்டுக்கு 300 நாள் என்றால் 12 யூனிட். நம் நாட்டில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாவதால், சுமார் எட்டரை கிலோ. அதே வேலையைக் கணினியே சில நொடிகளில் முடித்துவிடும். ஆனால் கடை மூடும்வரை கணினி எப்படியும் ஓடிக்கொண்டிருக்கும் என்றால் இந்த மிச்சம் காகிதக் கணக்காகவே நின்றுவிடும்.

சுருக்குகிற வேலையே வராமல் செய்வது இன்னும் நல்லது. 600 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) எடுத்த பக்கத்தை 150 டிபிஐ-யில் எடுத்தால் புள்ளிகளின் எண்ணிக்கை பதினாறில் ஒன்றாகக் குறைகிறது. வண்ணத்தை விட்டுச் சாம்பல் நிறத்தில் எடுத்தால், சுருக்குவதற்கு முன் ஒவ்வொரு புள்ளிக்கும் வேண்டிய தரவும் மூன்றில் ஒரு பங்காகிறது. முத்திரையும் கையொப்பமும் தெளிவாக இருக்கின்றனவா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பெரிதாக எடுத்துவிட்ட கோப்புகளுக்கு, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ் மென்பொருளில் பிடிஎஃப் ஏற்றுமதியின்போதே படத்தின் தரத்தைக் குறைக்கும் வசதி உண்டு. பழைய கணினிக்கும் இந்த வேலை பாரமில்லை. இதற்கென்று புதிய கணினி வாங்கிவிடாதீர்கள். அதைத் தயாரிப்பதில் வெளியாகும் கரியமில வாயு, மேலே சொன்ன மிச்சத்தைப் பல ஆண்டுகளுக்கு விழுங்கிவிடும். வாடிக்கையாளரின் ஆதார் நகல் முகமறியாத கணினிக்குப் போகாமல் இருப்பது தனி ஆதாயம்.

கேள்வி: கோப்பை வெளியே அனுப்பாமல் உலாவிக்குள்ளேயே முடித்துத் தரும் தளங்களும் உண்டாமே? எப்படிக் கண்டறிவது?

பதில்: உண்டு. 2017 முதல் முக்கிய உலாவிகள் ஏற்றுக்கொண்ட வெப்அசெம்பிளி என்னும், கனமான நிரல்களை உலாவிக்குள்ளேயே வேகமாக ஓடவிடும் நுட்பம் அதற்குப் பெரிதும் உதவுகிறது. பக்கம் முழுதாகத் திறந்ததும் இணையத்தைத் துண்டித்துவிட்டு, யாருடைய விவரமும் இல்லாத வெற்றுத்தாளின் ஸ்கேன் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். சுருக்கித் தந்தால், அந்தக் கோப்பு உங்கள் கடையை விட்டு வெளியேறவில்லை.