அமெரிக்காவின் கிராமப்புறக் கவுண்டிகளில் மக்கள் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறார்கள்?

எல்லாக் கவுண்டிகளுக்கும் பொருந்தும் பதில் என்னிடம் இல்லை. எனக்குப் பழக்கமான ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்: ஓக்லஹோமா மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் சிமரான் கவுண்டி. டெக்சாஸின் அமரில்லோ நகரில் வேலை பார்த்த காலத்தில், இரண்டு மணி நேரக் கார்ப் பயணத் தொலைவில் இருந்ததால் பல முறை அங்கே போயிருக்கிறேன். கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழே வரும் நிர்வாகப் பிரிவு. ஏறக்குறைய நம் மாவட்டம் போன்றது.

சிமரானின் பரப்பு சுமார் 4,770 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 2,296. அதாவது, இரண்டு சதுர கிலோமீட்டருக்கு ஒருவர். அவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் தலைமையிடமான பாய்ஸ் சிட்டியில் இருக்கிறார்கள். மேற்கே கென்டன் சிற்றூருக்குப் போகும் சாலையில் வேலிக் கம்பிகளும் மாடுகளும் வானமும்தான் துணை.

வரைபடத்தில் ஓக்லஹோமாவின் மேற்குப் பகுதி வாணலியின் கைப்பிடி போல நீண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கைப்பிடியின் நுனிதான் சிமரான். கொலராடோ, கன்சாஸ், நியூ மெக்சிகோ, டெக்சாஸ் என்று நான்கு வேறு மாநிலங்களைத் தொடும் கவுண்டி அமெரிக்காவிலேயே இது ஒன்றுதான். இந்த விசித்திர வடிவத்துக்குக் காரணம் அடிமை முறை. 36 பாகை 30 கலை அட்சக் கோட்டுக்கு வடக்கே அடிமை முறை கூடாது என்று முன்பே ஓர் ஒப்பந்தம் இருந்தது. அடிமை முறையை விடாத டெக்சாஸ், கோட்டுக்கு வடக்கே இருந்த நிலத்தை 1850இல் விட்டுக்கொடுத்தது. கன்சாஸின் தெற்கு எல்லையோ 37 பாகையில் நின்றுவிட்டது. கொமாஞ்சி என்னும் பூர்வகுடி மக்கள் காட்டெருமை வேட்டையாடித் திரிந்த அந்த இடைப்பட்ட பட்டை, 1890இல் ஓக்லஹோமா ஆட்சிப் பகுதியில் சேர்க்கப்படும் வரை எதையும் சேராமல் கிடந்தது. 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்றே அதற்குப் பெயர். 1907இல் ஓக்லஹோமா மாநிலமானபோதுதான் சிமரான் கவுண்டி பிறந்தது.

அடுத்த ஆண்டே பாய்ஸ் சிட்டி உருவானது, அதுவும் ஒரு மோசடியில். மரங்கள் நிழல் தரும் தெருக்கள், பொங்கி வரும் ஊற்று என்றெல்லாம் துண்டுப் பிரசுரம் அச்சிட்டு, தொலைவில் இருந்தவர்களுக்கு மனை விற்றார்கள். நம்பி வந்தவர்கள் கண்டது வெறும் புல்வெளி. விற்றவர்கள் அஞ்சல் மோசடிக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார்கள். ஏமாந்தவர்களில் சிலர் அங்கேயே தங்கி ஊரைக் கட்டினார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் அந்த மனிதர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது.

பிறகு கோதுமை வந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் விலை ஏறியது, 1925இல் ரயிலும் வந்தது. மண்ணை வேரால் இறுகப் பிடித்திருந்த குட்டைப் புல்லை டிராக்டர்கள் புரட்டிப் போட்டன. 1930இல் மக்கள்தொகை 5,408. இன்றுவரை அதுதான் உச்சம். 1931இல் அமோக விளைச்சல்; விலை அதலபாதாளத்துக்குப் போனது. அதற்கடுத்து ஆண்டுக்கணக்கில் மழை பொய்த்தது. பிடிப்பில்லாத மண் காற்றில் எழும்பியது. 1935 ஏப்ரல் 14 அன்று வந்த கரும்புழுதிப் புயலை 'கறுப்பு ஞாயிறு' என்று இன்றும் சொல்கிறார்கள். மறு ஆண்டு ஆர்தர் ராத்ஸ்டைன் எடுத்த புகைப்படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருக்கலாம்: ஒரு விவசாயியும் இரண்டு மகன்களும் புழுதிக் காற்றில் ஒரு கொட்டகையை நோக்கி நடக்கிறார்கள். அது சிமரானில் எடுத்த படம்.

அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள், புழுதிதான் இந்த ஊரைக் காலி செய்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். 1940 கணக்கெடுப்பில் 3,654 பேர் இருந்தார்கள். மூச்சுவிட முடியாத அந்தப் பத்தாண்டுக்குப் பிறகும் மூன்றில் இரண்டு பங்கு மக்கள்தொகை மிஞ்சியிருந்தது! மழை திரும்பியதும், 1950இல் எண்ணிக்கை 4,589 ஆக ஏறியது. அதன் பிறகு எந்தப் புயலும் அப்படி அடிக்கவில்லை. ஆனாலும் எழுபது ஆண்டுகளில் சரிபாதி குறைந்துவிட்டது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஊரைக் காலி செய்ததில் பெரிய பங்கு பஞ்சத்துக்கு அல்ல, வசதிக்கு. பெரிய டிராக்டர் வந்ததும் பத்துக் குடும்பம் உழுத நிலத்தை ஒரு குடும்பம் உழுதது. ஒகல்லாலா என்னும் நிலத்தடி நீர்ப்படுகையில் இருந்து பம்பு போட்டு இறைத்தபோது விளைச்சல் கூடியது, வேலை கூடவில்லை. மழை நிரப்புவதைவிட வேகமாக இறைப்பதால் அந்த நீர்மட்டமும் இறங்கிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகள் கல்லூரிக்காக வெளியூர் போகிறார்கள். படிப்புக்கேற்ற வேலை இங்கே இல்லை, திரும்புவதில்லை. ஆள் குறைந்தால் கடை மூடுகிறது, கடை மூடினால் இன்னும் ஆள் குறைகிறது.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கென்டன் அருகே இருக்கும் பிளாக் மேசா, 4,973 அடி உயரத்தில் ஓக்லஹோமாவின் மிக உயர்ந்த இடம். என்றோ பள்ளத்தாக்கில் ஓடி இறுகிய எரிமலைக் குழம்பு, சுற்றியிருந்த மண் அரிக்கப்பட்ட பிறகு மேடாக நிற்கிறது. போய்த் திரும்ப எட்டு மைலுக்கும் மேல் நடக்க வேண்டும். நிழல் கிடையாது, விடியற்காலையிலேயே கிளம்புங்கள். பெட்ரோலும் குடிநீரும் பாய்ஸ் சிட்டியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கென்டனில் மட்டும் கடிகாரம் மாநிலத்தின் மற்ற பகுதிகளைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடும்.