பொது வகுப்பறைக் கட்டடம்: எத்தனை அறை, எங்கே, எப்படி?

கேள்வி: பல்கலைக்கழக வளாகத்தில் நான்கு துறைகளுக்கும் பொதுவாக நான்கு தளக் கட்டடம் கட்டவிருக்கிறோம். துறைகள் கேட்டதைக் கூட்டினால் 40 வகுப்பறை வருகிறது. பணம் போதாது, மாணவர்களோ ஆண்டுக்காண்டு கூடுகிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: துறைகள் தந்த பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, நடப்புப் பருவத்தின் கால அட்டவணையை எடுங்கள். நான்கு துறைக்கும் சேர்த்து வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு நடக்கிறது என்று கூட்டுங்கள். 588 மணி என்று வைத்துக்கொள்வோம். வாரம் 5 நாள், தினம் 7 மணி என்றால் ஓர் அறை 35 மணி நேரம் கிடைக்கும். அதை முழுவதும் நிரப்ப எந்த அட்டவணையாலும் முடியாது; 70 சதவீதம், அதாவது 24.5 மணி நேரம் ஓடினாலே நல்ல பயன்பாடு. 588-ஐ 24.5-ஆல் வகுத்தால் 24 அறை. வகுப்புகள் கால் பங்கு கூடினாலும் 30-தான்.

ஆனால் கதவில் துறையின் பெயர்ப்பலகை ஏறிய அன்றே இந்தக் கணக்கு உடையும். காலை 10 மணிக்கு இடமில்லை என்பார்கள், மாலை 3 மணிக்குப் பாதி அறை பூட்டிக் கிடக்கும். அறை ஒதுக்கீடு பதிவாளர் அலுவலகத்திடமே இருக்கும் என்று, அஸ்திவாரம் தோண்டும் முன்பே எழுத்தில் ஆணை வாங்குங்கள்.

60 பேர் வகுப்புக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) கையேடுகளில் சொல்லப்பட்டது 66 சதுர மீட்டர். 7.5 மீட்டருக்கு ஒரு தூண், அறையின் ஆழம் 9 மீட்டர் என்றால் 67.5 வந்துவிடும். நடுச்சுவரைப் பாரம் தாங்காத சுவராக வைத்தால், பின்னாளில் இரண்டு அறையை ஒன்றாக்கி 120 பேரை உட்கார வைக்கலாம். 25 பேர் எடுக்கும் விருப்பப் பாடங்களுக்குச் சிறிய அறைகள் சில கட்டாயம் வேண்டும். நூலக அடுக்குகள் எப்போதாவது வரக்கூடிய பகுதியை வடிவமைப்பாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: வகுப்பறைத் தளம் சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் சுமை (ஏறத்தாழ 300 கிலோ எடை) தாங்கினால் போதும், புத்தக அடுக்குக்குக் குறைந்தது 6 வேண்டும்.

பெரும்பாலான கட்டடங்கள் திணறுவது மணி அடிக்கும் நேரத்தில். 13 பேர் லிஃப்ட் ஒருமுறை ஏறி இறங்க ஏறத்தாழ 2 நிமிடம். 10 நிமிட இடைவேளையில் 65 பேரைத்தான் ஏற்றும். மேல் இரண்டு தளத்தில் 600 பேர் இருந்தால் மற்றவர்களுக்குப் படிக்கட்டுதான். ஆகவே 120 பேர் அறைகளெல்லாம் தரைத்தளத்திலும் முதல் தளத்திலும். ஆசிரியர் அறை, சிறு கருத்தரங்க அறை மேலே. அடுத்த வகுப்புக்காகக் காத்து நிற்பவர்கள் வழியை அடைக்காதபடி, இருபுறமும் அறையுள்ள வராந்தா 3 மீட்டருக்குக் குறையக் கூடாது.

வேதியியல் ஆய்வகங்களும் இதே கட்டடத்தில் வருவதானால், அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். குழாயும் புகைபோக்கியும் ஒரே செங்குத்துக் குழியில் மொட்டைமாடிவரை போய்விடும்.

விரிவாக்கத்துக்கு மேலே மாடி எழுப்புவதை நான் பரிந்துரைப்பதில்லை. அதற்காகத் தூண்களின் உச்சியில் நீட்டிவிட்ட கம்பி மழையில் துருப்பிடிக்கும். கீழே பாடம் நடக்க மேலே கான்கிரீட் போடுவது பெரும் தொல்லை. பக்கவாட்டில் நீளுங்கள். கட்டடத்தின் நீளம் 45 மீட்டரைத் தாண்டினால் எப்படியும் விரிவு இணைப்பு (வெப்பத்தில் கட்டடம் விரிய விடும் இடைவெளி) விடவேண்டும். அந்த இணைப்பையே எல்லையாகக் கொண்டு, இருபுறத் தூண்களுக்கும் சேர்த்து ஒரே அஸ்திவாரமாக இப்போதே போட்டுவிடுங்கள். பிறகு தோண்டினால் பழைய அஸ்திவாரத்தின் அடிமண் தளரும். அந்த முனையில் கழிப்பறை, படிக்கட்டு, செப்டிக் டேங்க், டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் வரக்கூடாது. வராந்தா ஜன்னலில் முடியட்டும், நாளை அதை எடுத்துவிட்டு நேராக நீட்டலாம்.