வாராந்திர ஊதியக் கணக்கில் பிடிக்கப்பட்ட டெலிவரித் தொகை குறித்து

வணக்கம். பொருள் வந்து சேரவில்லை என்று வாடிக்கையாளர் புகார் அளித்ததால் இரண்டு டெலிவரிகளுக்கான தொகை உங்கள் வாரக் கணக்கில் பிடிக்கப்பட்டதாகவும், டெலிவரி செயலியின் உதவிப் பிரிவு ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். உழைத்த கூலி இப்படிப் பறிபோவதைப் படிக்கவே வேதனையாக இருந்தது.

முதல் வேலையாக அந்த ஆர்டர்களின் விவரப் பக்கங்களை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து, செயலிக்கு வெளியே உங்கள் சொந்த மின்னஞ்சலில் சேமித்துவிடுங்கள். கணக்கு முடக்கப்பட்டால் உள்ளே இருக்கும் பதிவுகளை நீங்கள் பார்க்கவே முடியாமல் போகலாம். ஆர்டர் எண், பொருளைக் கையில் வாங்கிய நேரம், ஒப்படைத்த நேரம், கதவருகே எடுத்த புகைப்படம், வாடிக்கையாளரை அழைத்த பதிவு ஆகியவை ஒரே இடத்தில் இருக்கட்டும். புகைப்படத்தில் கதவு எண்ணும் பொட்டலத்தின் மேலுள்ள சீட்டும் சேர்ந்து தெரிந்தால், அதை மறுப்பது எளிதல்ல.

அடுத்து, உரையாடல் பெட்டியில் வாதாடுவதை விட்டுவிட்டு மின்னஞ்சலில் எழுதுங்கள். பணம் வரவில்லை என்று பொதுவாகச் சொல்லாமல், இந்த எண்ணுள்ள ஆர்டருக்கான தொகை ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி பிடிக்கப்பட்டது, அந்த முடிவை எடுத்தது மனிதரா, தானியங்கி முறையா என்று கேட்டு, பதிலுக்கு ஒரு தேதியும் குறிப்பிடுங்கள்.

ஒப்பந்தத்தில் 'சுயதொழில் செய்பவர்' என்று இருப்பதாலேயே உரிமை எதுவும் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கட்டணத்தை யார் நிர்ணயிக்கிறார்கள், வேலையை மறுத்தால் என்ன நடக்கிறது என்பவற்றைப் பார்த்தே 2021-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்களைத் தொழிலாளர்கள் என்று ஏற்றது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஊதியப் புகாருக்குக் காலக்கெடுவும் இருக்கக்கூடும் என்பதால், நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருக்கும்போதே தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் துறையையோ அணுகிவிடுங்கள்.